கூப்பிட்ட குரலுக்கு

ரொறொன்ரோவில் போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்த அழைப்பு வந்திருக்கும். "உங்கள் வீட்டுக் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்து தருகிறோம், இந்தக் கிழமை மட்டும் மலிவு விலை" என்று எங்கோ ஒரு நாட்டில் இருந்து ஒரு பெடியன் ஒரே மூச்சில் ஒப்புவிப்பான். நாங்கள் பாதி வசனத்திலேயே வெட்டிவிடுவோம். கோபக்காரர் என்றால் நாலு சொல்லு சொல்லிவிட்டு வெட்டுவார்கள். நான் அறை எடுத்திருந்த வீட்டு அக்கா முழுவதையும் கேட்பார்.

"எனக்குச் சொந்த வீடில்லைத் தம்பி. பதினோராம் மாடியிலை வாடகைக்கு இருக்கிறன். குழாயெல்லாம் கட்டிடக்காரன்ர பொறுப்பு" என்று ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்குவார். பிறகு அங்கே இப்போது என்ன நேரம் என்று கேட்பார். சாப்பிட்டாச்சோ என்று கேட்பார். அப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு பெடியன் வேலை நேரம் முடிந்த பிறகும் எடுக்கத் தொடங்கிவிட்டான். அவனுடைய தங்கைக்குக் கல்யாணம் சரிவந்த செய்தி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அக்கா பாயாசம் காய்ச்சினார். நான் பகிடி விடவில்லை. சவ்வரிசி போட்ட பாயாசம், நானும் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

இத்தனைக்கும் அவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்த மனுசி அல்ல. சோல் என்று சொல்லுகிற பாட்டில் இந்த நாட்டில் அவரைத் தெரியாதவர்கள் அப்போது குறைவு. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பிறந்து கிளப்புகளுக்கு நடந்து போன பாட்டு அது. நெஞ்சுக்குள் இருப்பதைக் கழுவாமல் துடைக்காமல் அப்படியே வெளியே எடுத்து வைக்கிற பாட்டு. குயின் வீதியில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் அவருடைய முகம் ஒட்டியிருந்த காலத்தை நான் என் கண்ணால் கண்டேன். பரிசுகள் எடுத்தார், டிட்ரோயிட்டிலும் லண்டனிலும் பாடினார். அந்தப் பரிசுகளில் ஒன்று எங்கள் குளியலறைக் கதவு காற்றுக்கு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தது.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. வீட்டுப் பெயர் ஒன்று, மேடைப் பெயர் ஒன்று. எதை எழுதினாலும் அவரைத் தெரிந்தவர்கள் எனக்குப் போன் எடுப்பார்கள். அவர்களுக்கெல்லாம் இருந்து மறுமொழி சொல்ல நான் அக்கா இல்லை.

நான் நகரத்தின் பார்க்டேல் பகுதியில் அவருடைய வீட்டுக்குப் போனது என் கல்யாணம் முறிந்து ஒன்பதாம் நாள். கணவர் ஸ்பொன்சர் செய்து வந்தவள் நான். எட்டு மாதத்தில் அந்த வீட்டுக் கதவு எனக்குச் சாத்தப்பட்டது. அந்தக் கதை இங்கே வேண்டாம். வாடகைக்கு அறை இருக்கிறது என்று எழுதியிருந்த ஐந்து இலக்கங்களுக்கு எடுத்தேன். தனிய வருகிற பெண் என்றதும் ஐந்து பேரும் "இவரைக் கேட்டிட்டுச் சொல்லுறன்" என்றார்கள். ஒருவரும் திரும்ப எடுக்கவில்லை. ஆறாவது இலக்கம் அக்காவுடையது.

"எப்ப வாறீர்?" என்றார்.

"என்னைப் பற்றி நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே."

"கூப்பிட்டிட்டீர்தானே. பிறகென்ன, வாரும்."

போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம்தான் என் வீட்டுக்காரி மேடையில் பாடுகிறவர் என்று எனக்குத் தெரியவந்தது. அதுவரை, ஏதோ தேவாலயத்தில் வேலை செய்கிற, போனில் அளவுக்கு மிஞ்சிக் கதைக்கிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேவாலயத்தில் வேலை செய்ததும் உண்மைதான், அது அகதியாக வந்த புதிதில். பார்க்டேலில் கரீபியன் மக்கள் கூடும் ஒரு தேவாலயத்தைப் பின்னேரங்களில் கூட்டித் துடைக்கிற வேலை. பாடகர் குழுவுக்கும் அதே நேரத்தில்தான் பயிற்சி. முன்னால் நின்று ஒருவர் கேள்வி போலப் பாடுவார், குழு பதில் சொல்லும். அக்காவுக்கு அப்போது ஆங்கிலமே சரியாக வராது. ஒரு நாள் மழைக்குக் குழுவில் பாதிப்பேர் வரவில்லை. முன்னால் நின்ற பெண் ஒரு வரியைப் பாடிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் மெலிந்து வந்தது. பின்வாங்கில் தும்புத்தடியோடு நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. சொல்லுத் தெரியாது, மெட்டுத் தெரியும். வெறும் 'ஆ' என்கிற ஆகாரத்தில் பதில் கொடுத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாட வேணுமெண்டு பாடினதில்லை," என்று அக்கா சொல்லுவார். "அந்த மனிசி கேட்டிட்டு நிக்குது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு ஒரு மாதிரிப் போச்சுது."

முன்னால் நின்று பாடிய அந்தப் பெண் ஜமேய்க்காவில் இருந்து வந்தவர், நகரத்து பஸ் ஓட்டுகிறவர். கடைசிவரை அக்காவுக்கு அவர்தான் குரு, தோழி எல்லாம். அவரை நான் பஸ் அம்மா என்றுதான் சொல்லுவேன், அவர் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் சிரிப்பார்.

எங்கள் ஆட்களுக்கு அக்காவைக் கண்டுபிடிக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. நகரத்துக்கு வெளியே அஜக்ஸில் அவருக்குத் தூரத்து உறவில் ஒரு அங்கிள் இருந்தார். ஆரம்பத்தில் அவர் "உவள் வெள்ளையளின்ர கிளப்பிலை கத்துறவள்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். முதல் பரிசு கிடைத்துத் தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்ததும் "எங்கட பிள்ளை, சின்னனிலேயே நல்ல தொண்டை" என்றார். அக்கா இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சிரித்தார்.

அவருடைய பெயர்பெற்ற பாட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு அடி முடிந்ததும் "யாராவது இருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்கும். கேட்டபின் தாளத்தில் நாலு தட்டு வெறுமையாக விடப்பட்டிருக்கும். இசைத்தட்டுக்குப் பதிவு செய்தபோது அந்த இடத்தில் குழுவை வைத்து நிரப்பவேண்டும் என்று கம்பனிக்காரர் பிடிவாதமாக நின்றார்களாம். அக்கா மறுத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் மாட்டேன் என்று சொன்ன ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"அது வீட்டிலை இருந்து கேக்கிற ஆளின்ர இடம். அதை ஏன் நாங்கள் பிடிப்பான்?"

நான் அந்தப் பாட்டை எத்தனையோ நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது பதில் சொன்னதில்லை. எனக்கு வெட்கம். எங்கள் ஆட்களுக்கு மேடையைப் பார்த்துச் சத்தம் போடுவது பழக்கமில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்து கேட்டுவிட்டு முடிவில் தட்டுவோம், அதுதான் எங்களுடைய மரியாதை.

அந்த மரியாதை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் அக்காவைக் கொன்றே போட்டிருக்கும். ஊர்ச் சங்கம் ஒன்றின் ஒன்றுகூடல். பரதநாட்டியத்துக்கும் இராப்போசனத்துக்கும் இடையில் அக்காவை விட்டார்கள். "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். அறுநூறு பேர் இருந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள் மிக்சர் பையோடு ஓடித் திரிந்தார்கள். வீடியோக்காரர் விளக்கைச் சனத்தின் பக்கம் திருப்பினார், சனம் சேலையைச் சரிசெய்தது. வேறு பாடகர் என்றால் அடுத்த அடிக்குப் போயிருப்பார். அக்கா போகவில்லை. காத்து நின்றார். வாத்தியக்காரர் அதே நாலு தட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். எனக்கு நாற்காலிக்குக் கீழே போய் ஒளிக்கலாம் போல இருந்தது. கடைசியில் முன்வரிசையில் சால்வை போட்டிருந்த ஒரு வயதானவர், இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே சொன்னார்.

"ஓம் பிள்ளை, இருக்கிறம். நீர் பாடும்."

மண்டபம் சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டுத்தான் அடுத்த அடியைப் பாடினார். லண்டனிலும் டிட்ரோயிட்டிலும் கிடைக்காத பதில் அது என்று பிறகு எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

மேடையில் மட்டும் என்றால் பரவாயில்லை. ஸ்ட்ரீட்காரில் அவரோடு போவது ஒரு தண்டனை. குயின் வீதி வண்டியில் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு, சிலவேளை கத்திக்கொண்டு ஒருவர் கட்டாயம் இருப்பார். நாங்கள் ஜன்னலைப் பார்ப்போம், போனைப் பார்ப்போம். ஒரு குளிர்கால மத்தியானம் அப்படி ஒரு மனிதர், "நான் சொல்லுறது ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?" என்று ஆங்கிலத்தில் வண்டி அதிரக் கத்தினார். "எனக்குக் கேக்குது" என்றார் அக்கா. அவ்வளவுதான், அந்த மனிதர் வந்து பக்கத்தில் இருந்துவிட்டார். நாங்கள் இறங்கவேண்டிய இடம் தாண்டி ஏழு தரிப்புகள் போய், பனிக்குள் திரும்பி நடந்து வந்தோம்.

"ஏன் அக்கா உங்களுக்கு உந்த வேலை?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"மறுமொழி சொல்லாட்டி அவர் திரும்பவும் கத்துவார். பேந்தும் கத்துவார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறதைவிட மறுமொழி சொல்லுறது லேசு" என்றார். இதைவிடப் பெரிய விளக்கம் எதையும் அவரிடம் இருந்து நான் பெற்றதில்லை.

நான் அங்கே போய் மூன்றாம் வருடம் அவருடைய குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி வந்தது. மேல் சுருதியில் குரல் இரண்டாகப் பிரிந்தது. வெட்டி எடுக்கலாம் என்றார் டொக்டர், ஆனால் அதற்குப் பிறகு பதினான்கு நாள் ஒரு சத்தமும் கூடாது. குசுகுசுப்பு அதைவிடக் கூடாது, தொண்டையைச் செருமவும் கூடாது. புண் ஆறும்போது கதைத்தால் தழும்பு விழும், தழும்பு விழுந்த இடம் திரும்ப அதிராது என்று விரலை விரலோடு உரசிக் காட்டினார். நாலு மாதத்தில் நகரத்துப் பெரிய மண்டபத்தில் அவருடைய பாட்டுக் கச்சேரி இருந்தது. அக்கா தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த நான்தான் பயந்தேன். இவரைப் பதினான்கு நாள் பேசாமல் வைத்திருப்பது யார்?

நான்தான். அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்ப் பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டு கிழமை லீவு எடுத்தேன். கழுத்தில் தொங்கவிட ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் எழுதி அழிக்கிற பேனையும் வாங்கினேன். கதவில் "டொக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், பார்க்க வருகிறவர்கள் மன்னிக்கவும்" என்று எழுதி ஒட்டினேன். அவருடைய போன், என்னுடைய போன் இரண்டையும் சத்தத்தை நிறுத்தி அரிசி வாளிக்குள் புதைத்தேன். போன் அதிர்ந்தாலே அவருடைய கை அந்தப் பக்கம் போகும். காலையில் ஒரு தடவை மட்டும் நான் தோண்டி எடுத்துப் பார்ப்பேன்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். எங்கள் ஆட்களை மறந்துபோனேன். வருத்தம் என்று கேள்விப்பட்டால் வந்து பார்க்காமல் விடுகிற சாதியா நாங்கள்? தமிழ் வானொலி ஒன்று வேறு, அவருக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை, எல்லோரும் பிரார்த்தியுங்கள் என்று சொல்லிவிட்டது. மூன்றாம் நாளில் இருந்து கதவு தட்டப்பட்டது. வந்தவர்கள் எல்லோரும் கதவில் ஒட்டியிருந்ததை ஆறுதலாக நின்று வாசித்தார்கள், பாவம் என்றார்கள், பிறகு மணியை அடித்தார்கள்.

ஐந்தாம் நாள் அஜக்ஸ் அங்கிளும் அன்ரியும் வந்தார்கள். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம் நெரிசலுக்குள் வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது?

"நாங்கள் கதைக்க மாட்டம் பிள்ளை. முகத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போறம்" என்றார் அங்கிள்.

ஆட்டெலும்பு சூப், கற்கண்டு, திராட்சைப்பழம், மல்லித் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்க் எல்லாம் மேசையில் வந்து இறங்கின. அன்ரி அக்காவின் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எப்பிடிப் பிள்ளை? நோகுதோ?"

அக்கா பலகையில் 'நோகேல்லை அன்ரி' என்று குண்டெழுத்தில் எழுதி நீட்டினார்.

"கண்ணாடியைக் காருக்கை விட்டிட்டு வந்திட்டன். என்ன எழுதிக்கிடக்கு? சொல்லுமன்."

அக்காவின் உதடு பிரிவதைக் கண்டேன். "நோகேல்லையாம் அன்ரி" என்று பாய்ந்து விழுந்து நான் சொன்னேன். சாப்பிடுகிறாரா, நித்திரை வருகிறதா, டொக்டர் எந்த நாட்டுக்காரர் என்று அடுத்தடுத்துக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். அங்கிளுக்கு முகம் கறுத்துவிட்டது.

"நாங்கள் அவவைக் கேட்டால் நீர் ஏன் பிள்ளை மறுமொழி சொல்லுறீர்?"

போகும்போது, சுகமானதும் பெரியபிள்ளையான பேத்தியின் சாமத்திய வீட்டுக்கு வந்து ஒரு பாட்டுப் பாடவேண்டும் என்று கேட்டார்கள். அக்கா தலையாட்டினார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அவருடைய கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. பலகையில் எழுதினார்: 'ரெண்டு மணித்தியாலம் பாடினாலும் எனக்கு இப்பிடிக் களைக்கிறேல்லை.'

பஸ் அம்மாவும் வந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்துவிட்டு எழும்பிப் போனார். அந்த ஒரு மணித்தியாலம்தான் நான் நிம்மதியாகச் சமைத்தேன்.

இப்படியே ஒன்பது நாள் போனது. நாற்பது பேருக்குக் குறையாமல் வந்து போனார்கள். ஒரு சொல்லும் அவர் வாயில் இருந்து வெளியே வரவில்லை, வர நான் விடவில்லை. உள்ளூர எனக்குப் பெருமை. இன்னும் ஐந்து நாள்தான் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டேன்.

பத்தாம் நாள் காலை பத்து மணியிருக்கும். அரிசி வாளியில் இருந்து என் போனை எடுத்தேன். வவுனியாவில் இருந்து அண்ணா பதினேழு தடவை எடுத்திருந்தார். அரிசி ஒட்டிய கையோடு திரும்ப எடுத்தேன்.

"தங்கச்சி, அப்பா எங்களை விட்டிட்டுப் போயிட்டார்," என்றார் அண்ணா. "நேற்றுப் பின்னேரம் நெஞ்சு நோவெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனாங்கள். உன்னோட ஒருக்காக் கதைக்க வேணுமெண்டு கேட்டவர். எத்தனைதரம் எடுத்தனாங்கள். ஏன் நீ எடுக்கேல்லை?"

கல்யாணம் முறிந்ததால் என் குடிவரவுப் பத்திரங்கள் இழுபட்டுக்கொண்டிருந்தன. இந்த நாட்டை விட்டுப் போனால் திரும்ப வர முடியாது. ஆக, எனக்கு இருந்தது அந்தப் போன் மட்டும்தான். அதையும் நானே கொண்டுபோய் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தேன்.

குசினித் தரையில் இருந்துவிட்டேன். எப்படி அழுதேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்கள் என்று பிறகு அறிந்தேன். அக்கா அறைக்குள் இருந்து ஓடிவந்து தரையில் குந்தி என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் கழுத்தில் தொங்கிய பலகை எங்கள் இருவருக்கும் இடையில் நெஞ்சில் குத்தியது. "அப்பா, கூப்பிட்டீங்களே அப்பா, நான் எடுக்கேல்லையே அப்பா" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அவருக்கு விளங்கிவிட்டது. போன் ஏன் அந்த வாளிக்குள் இருந்தது என்று அவருக்குத் தெரியாதா? வாயை இறுக்கி மூடிக்கொண்டு என் முதுகைத் தடவினார். அவருடைய தாடை நடுங்கியது. கால் மணித்தியாலம் அப்படியே தாக்குப்பிடித்தார். அதை நான் சொல்லத்தான் வேண்டும். அவர் தாக்குப்பிடித்தார்.

நான்தான் கேட்டேன். கதவில் அறிவித்தல் ஒட்டிய நான், நாற்பது பேருக்கு முன்னால் மறித்து நின்ற நான், அவருடைய தோளைப் பிடித்து உலுப்பி, "அக்கா, ஏதாவது சொல்லுங்கோ. ஏதாவது ஒண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

"நான் இருக்கிறன்," என்றார் அக்கா.

பத்து நாள் மூடிக்கிடந்த குரல். கரகரத்து, நடுவில் உடைந்து வந்தது. பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. "இருக்கிறன், நான் இருக்கிறன், அழாதை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் தலையை மடியில் போட்டுக்கொண்டு, அந்தத் தேவாலயத்தில் பாடியது போல வெறும் ஆகாரத்தில் மெல்லமாக ஏதோ பாடினார். மத்தியானம் வரை பாடினார்.

அந்த நேரம் முழுக்க எனக்கு அறிவு இருந்தது. இன்று பத்தாம் நாள் என்பது தெரியும், டொக்டர் விரலை உரசிக் காட்டியதும் நினைவில் இருந்தது. ஒரு கையை உயர்த்தி அவருடைய வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. எனக்கு அந்தக் குரல் வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

பதினான்கு நாள் முடிந்ததும் தொண்டைக்குள் கமராவை விட்டுப் பார்த்த டொக்டர், ஏதாவது நடந்ததா என்று கேட்டார். அக்கா என்னை முந்திக்கொண்டு பலகையில் எழுதினார்: 'ஒரு நாள் இருமல் வந்தது.' டொக்டர் படத்தில் தழும்பைத் தொட்டுக் காட்டினார். சிலருக்கு ஒன்றும் செய்யாமலே தழும்பு விழுவது உண்டு என்றார். அது உண்மையா, எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கிச் சொன்னதா, எனக்கு இன்றுவரை தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது? எத்தனையோ தடவை எனக்கு நானே டொக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் நம்புவேன், அடுத்த நாள் நம்பமாட்டேன்.

கதைக்கிற குரல் திரும்பி வந்தது, உமி அரைக்கிற மாதிரி. பாடுகிற குரல் வரவில்லை. பயிற்சி கொடுக்கிற ஒருவரிடம் ஒரு வருடம் போனார். இன்னொரு தடவை வெட்டிப் பார்த்தார்கள். கச்சேரியைத் தள்ளிவைத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். கண்ணூறு பட்டுவிட்டது என்று சனம் சொன்னது. "நாங்கள் அண்டைக்கு வந்து பாக்கேக்கை நல்லாத்தானே இருந்தவ" என்றார் அஜக்ஸ் அங்கிள், என்னை ஒரு மாதிரிப் பார்த்தபடி. அவருடைய பேத்தியின் சாமத்திய வீட்டுக்கு அக்கா போனார். கூப்பிட்டார்களே. மைக்கைக் கொடுத்தபோது மறுக்காமல் வாங்கி, வாழ்த்து இரண்டு வசனம் அந்த உமிக் குரலில் சொல்லிவிட்டு இறங்கினார்.

அந்த நாளைப் பற்றி அவர் ஒருபோதும் கதைத்ததில்லை. ஒரு தடவை நான் தொடங்கினேன். "அக்கா, நான் அண்டைக்குக் கேட்டிருக்கக் கூடாது."

"உன்ர அப்பா செத்தது. நீ கேக்காமல் ஆர் கேக்கிறது?" என்றார். அதோடு எழும்பி, அடித்துக்கொண்டிருந்த போனை எடுக்கப் போய்விட்டார். குழாய் சுத்தம் செய்கிற பெடியன்தான். இந்தக் குரலை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நான்தான், நான்தான் என்று அவனுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

என்னால் அந்தக் குரலைக் கேட்க முடியவில்லை. இதுதான் நான் எழுதக் கூசுகிற இடம், எழுதிவிடுகிறேன். காலையில் "தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் குசினித் தரை எனக்கு முன்னால் வரும். பத்திரங்கள் சரிவந்ததும், வேலைக்குத் தூரம் என்று காரணம் சொல்லி அஜின்கோர்ட்டுக்கு மாறினேன். பொய்யும் இல்லை, ஸ்ட்ரீட்காரும் சுரங்க ரயிலும் பஸ்ஸும் பிடித்து ஒன்றரை மணித்தியாலம்தான். அக்கா கிழமைக்கு ஒரு தடவை போன் எடுப்பார். முதலில் எடுத்துக் கதைத்தேன். பிறகு இரண்டு தடவைக்கு ஒரு தடவை எடுத்தேன். பிறகு, அவருடைய பெயர் திரையில் ஒளிர்ந்து அணையும்வரை பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன். அவர் சலிக்கவில்லை. "நான்தான். ஒண்டுமில்லை, சும்மா எடுத்தனான். வேலையாக்கும்" என்று போனில் குரல் பதிவு வைப்பார். நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டுவிடுவேன்.

போன வசந்தத்தில் பஸ் அம்மா எடுத்தார். அந்த அழைப்பையும் இரண்டாம் தடவைதான் எடுத்தேன். அக்கா நித்திரையிலேயே போய்விட்டார், அமைதியாகப் போனார் என்றார். அக்காவின் கடைசிப் பதிவு அதற்கு ஆறு நாளுக்கு முந்தியது. சும்மா எடுத்தனான் என்றுதான் அதிலும் இருக்கிறது.

போன மாதம் அஜின்கோர்ட்டில் மருந்துக்கடை வரிசையில் நின்றேன், பிரஷர் குளிசைக்கு. கூரையில் இருக்கிற ஸ்பீக்கரில் எப்போதும் பழைய பாட்டுகள் மெல்லமாகப் போகும், ஒருவரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை, அந்தக் குரல் தொடங்கும்வரை. பழைய குரல். கட்டி வருவதற்கு முன், மழைக்குப் பிறகு கழுவி விட்ட மாதிரி இருக்கிற குரல். முதல் அடி முடிந்தது. "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

நாலு தட்டு.

வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் ஒரு அன்ரி, பின்னால் கையில் குழந்தையோடு ஒரு சீனத் தகப்பன். என்ன சொல்லுவது, எந்த மொழியில் சொல்லுவது என்று ஒரு கணம் தடுமாறிவிட்டேன்.

"இருக்கிறன் அக்கா," என்றேன்.

முன்னால் நின்ற அன்ரி திரும்பினார். "என்ன பிள்ளை, என்னையோ கூப்பிட்டனீர்?"

"இல்லை அன்ரி," என்றேன். மேலே அடுத்த அடி தொடங்கிப் பாதிவரை போய்விட்டிருந்தது. மேடை என்றால் அக்கா காத்து நின்றிருப்பார்.